கையெழுத்துப் போடாத டிரெசர்

டிரெசர் மாணிக்கம் அண்ணன் போய்விட்டார் என்று திகாம் பத்துவிலிருந்து அவர் மகள் தொலைபேசியில் சொன்னாள். சாவு வீட்டுக்குப் போனேன். ஜப்பான்காரன் காலத்தில் அவர் எல்லாரையும் காப்பாற்றினார் என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. எல்லாரையும் அவர் காப்பாற்றவில்லை. அவர் அதற்கு முயன்ற நாளில், இப்படிப் பேசியவர்களில் இருவர் பக்கத்து மேசைகளில் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவரை அறிந்த உங்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

செமிலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருவரும் வேலை பார்த்தோம். அவர் நோயாளிகளைப் பார்த்து மருந்து கொடுக்கும் டிரெசர், நான் எடுபிடி. தொழிலாளர் வீட்டு வரிசைகளில் நான் கடைசி லயத்துக்காரன். சாதியைச் சொல்லி எனக்கு மட்டும் தகரக் குவளையில் கோப்பி, மற்றவர்களுக்குக் கிளாஸ். புதிதாக வந்த அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, மறுநாள் தானும் ஒரு தகரக் குவளையில் குடித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது.

“அண்ணே, நீங்க தகரத்துல குடிச்சா எனக்கு கிளாஸ் வந்துடுமா? உங்கள நல்லவருன்னு சொல்லுவாங்க, அவ்வளவுதான்லா.”

அவர் முகம் சுருங்கியது. “சரி, என்ன செஞ்சா உனக்கு உதவும்? சொல்லு.”

“எனக்கு புண்ணுக்குக் கட்டுப் போடத் தெரியும். பேசின் கழுவ மட்டுந்தான் விடுறாங்க.”

அன்றே கட்டுப் போடும் வேலை எனக்கு வந்தது. என் கை படக்கூடாது என்றவர்களிடம், “இவன்தான் கட்டுவான். வேணாம்னா புண்ணோட போ,” என்பார். அந்த முரட்டுத்தனத்தால் எனக்கு வந்த வம்பும் கொஞ்சமில்லை.

பிறகு ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள்; போனவர்கள் திரும்புவது அரிது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எழுதிக் கொண்டுவந்த பட்டியலில் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் எங்கள் லயம். வேலைக்குத் தகுந்த உடம்பு என்று டிரெசர் கையெழுத்திட வேண்டும். அண்ணன் நேராக அலுவலகத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

“எல்லா லயத்துலயும் பேர் எடுங்க. அதுவரைக்கும் கையெழுத்துப் போடமாட்டேன்.”

கிராணி ஜப்பானிய அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அவன் வந்து அண்ணனின் கன்னத்தில் ஓங்கி அடித்தான். பக்கத்து மேசைகளில் இருந்த ஒருவரும் தலை நிமிரவில்லை. அண்ணனும் பேனாவைத் தொடவில்லை. கடைசியில் பட்டியலை மாற்றி எழுதினார்கள். எங்கள் லயத்திலிருந்து மூன்று பேர் போனார்கள். அவர்களில் ஒருவன் என் தம்பி முனியன். அவன் திரும்பி வரவில்லை.

“அந்தப் பட்டியலயே கிழிச்சிருக்கணும்,” என்று அண்ணன் பல நாள் புலம்பினார்.

“கிழிச்சிருந்தா உங்களையும் ரயில்ல ஏத்தியிருப்பான். சும்மா இருங்கண்ணே!” என்று கத்தினேன்.

அந்த அடியில் அவருக்கு இடது காது கேட்காமல் போனது. கேட்டவர்களிடமெல்லாம் காய்ச்சலில் போனது என்றே சொல்லி வைத்தார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தால், “இத என் கதையா ஆக்காத. போனது உன் தம்பி,” என்று தடுத்துவிடுவார்.

இனித் தடுக்க அவர் இல்லை. அந்தக் காது போன விதம் என்னிடம் இருக்கிறது. கேட்பவர்களுக்கு முனியனின் பெயரை முதலில் சொல்வேன். அப்புறம் அந்தக் காதைப் பற்றிச் சொல்வேன்.