மரமேறி நாகையாவின் கோலாட்டம்

சீவுவதற்கு முன் பாளையை நாகையா தட்டிக்கொடுக்கிறார். சிறு கட்டையால், சுற்றிச் சுற்றி, விட்டு விட்டு. தென்னை உச்சியிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பினால்தான் லயத்து வரிசை வீடுகளில் பெண்கள், "நாகையா ஏறியாச்சு, உலை வைக்கணும்" என்று எழுந்திருக்கிறார்கள்.

மலாயாவில், கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் இருக்கிறது அந்தத் தென்னந்தோட்டம். நாகையாவுக்கு நாற்பது வயதிருக்கும். மரத்தை அணைத்து அணைத்து நெஞ்சு காய்த்துப்போன மனிதர். இடுப்பில் அரிவாள் பெட்டி, காலில் தளைக்கயிறு. இத்தனை வருஷமாகத் தோட்டத்துக் கள்ளுக்கடைக்குக் கள் இறக்குகிறவர், ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்ததில்லை. கேட்டால், "ஏறுறவன் குடிச்சா மரம் தள்ளிவிட்டுரும்" என்பார், ஏதோ கோபக்கார மாமனாரைப் பற்றிச் சொல்வதுபோல.

காலையில் இறக்கிய கள்ளைச் சாயங்காலம் யாரும் குடித்துவிடக் கூடாது என்று மெனக்கெடும் மரமேறியை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நாகையா அப்படித்தான். "மேலேருந்து பாத்தா யாரு எந்த வாய்க்கால்ல விழுந்து கெடக்கான்னு நல்லாத் தெரியும். எல்லாம் மீசை மொளைக்காத பசங்க. நான் எறக்குனதுதானே அது?"

அதனால் கடைக்கு எதிரே சாய்ந்து நின்ற ஒரு தென்னையில் ஏறி, கயிறுகளைத் தொங்கவிட்டார். கடை திறக்கும் நேரத்துக்கு வருகிற பையன்களை மறித்து ஆளுக்கொரு கயிற்றையும் கோல்களையும் கொடுத்தார். பின்னல் கோலாட்டம். பாளை தட்டும் அதே தாளம்தான். சுற்றிச் சுற்றி ஆட ஆட மேலே கயிறு சடையாகப் பின்னும். பிறகு எதிர்ப்பக்கமாக ஆடி அவிழ்க்க வேண்டும். நடுவில் ஒருவன் கையை விட்டாலும் எல்லோருடைய கயிறும் சிக்கிக்கொள்ளும். மனிதருடைய தந்திரமே அதில்தான் இருந்தது. அவிழ்த்து முடிப்பதற்குள் கடையைச் சாத்திவிடுவார்கள்.

முதல் கயிறு ஜெயராஜுடையது. பதினேழு வயது. அவன் திரும்பினால்தான் மற்றவர்கள் திரும்புவார்கள். தீபாவளிக்கு ஆடியதைப் பார்த்துத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குப் பரம சந்தோஷம். தொழிலாளர் நலனுக்கென்று கள்ளுக்கடை லாபத்தில் ஒதுக்கியிருந்த பணத்தில் வண்ணக் கயிறும் சலங்கையும் வாங்கிக் கொடுத்தார். கள்ளு விற்ற காசிலேயே கள்ளை மறக்க ஓர் ஆட்டம் என்று தோட்டமே சிரித்தது.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. கொப்பரா விலை விழுந்தது. ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றினார்கள். ஒருநாள் கங்காணி பழனியப்பன் மரத்தடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "நாகையா, கடையில யாவாரம் படுத்துப்போச்சு. குடிக்க ஆளில்லாதப்ப ஏற எதுக்கு இத்தனை பேரு? ஒரு ஆளைக் கொறைக்கச் சொல்லிட்டாரு தொரை. ஆட்டங்காட்டுனது நீ. அடுத்த கப்பல்ல நீதான் போவணும்."

நாகையா இறங்கி வந்தார். வீட்டில் மனைவி புஷ்பவல்லிக்கு நிறைமாதம். ஊரில் போய் இறங்கினால் வா என்று கூப்பிட ஒரு சுடுகுஞ்சு கிடையாது. அன்று இரவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாராம், வாயில் வைக்கவில்லை.

மறுநாளும் வழக்கம்போலக் கயிற்றைத் தொங்கவிட்டார். ஒரு பையன்கூட வரவில்லை. திரும்பிப் பார்த்தால், அத்தனை பேரும் கள்ளுக்கடை வரிசையில் நிற்கிறார்கள். எல்லோருக்கும் முன்னால் ஜெயராஜ்.

"என்னடா இது?"

ஜெயராஜ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க கப்பலேறக் கூடாதுண்ணே. கடை ஓடுனா ஒங்களை அனுப்ப மாட்டாங்கல்ல? பேசி வச்சுக்கிட்டோம். ஆளுக்கு ஒரு குவளை, தெனம்."

"வாங்கிக் கீழ ஊத்துங்களேண்டா."

"கங்காணி பாத்துக்கிட்டே இருக்காருண்ணே. கடை வாசல்லயே குடிச்சு முடிக்கணுமாம்."

பழனியப்பன் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வரிசையின் நீளத்தைப் பார்த்து அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. பையன்களை அடித்து விரட்டினால் கப்பல். விரட்டாவிட்டால் வாய்க்கால். நாகையா அந்த இரண்டுக்கும் நடுவில் கையில் கோலோடு நின்றார்.

ஜெயராஜின் குவளை நிரம்பியது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அதை உதட்டுக்குக் கொண்டுபோனான். கோலைக் கீழே போட்டுவிட்டு நாகையா அந்தக் குவளையைப் பிடுங்கினார். விடிந்தால் மரம் ஏற வேண்டியவர், ஒரே மூச்சில் குடித்தார். தொண்டை ஏற்காமல் குமட்டியது. நெஞ்சின் காய்ப்பில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். காலிக் குவளையைப் பலகைமேல் கவிழ்த்துவிட்டு, அடுத்த பையனின் குவளைக்குக் கையை நீட்டினார்.