பல்லக்கா சுட்ட பிஸ்கட்

பல் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவளுடைய சொந்தப் பெயர் தெருவில் வழக்கொழிந்துபோனது. காய்கறிக் கடைக்காரர் ஒருநாள் "பல்லக்கா, தக்காளி எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மாவுக்குக் கருவிகளை எடுத்துக் கொடுப்பது, பல் அச்செடுக்கும் மாவைக் கலக்குவது, நாற்காலியில் சாய்ந்து நடுங்குகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பயத்தை மறக்கடிப்பது, இதெல்லாம் அவள் வேலை. மூன்றாவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஊரார் பயத்தையெல்லாம் போக்கியவளுக்குச் சொந்த மாமனாரிடம் மட்டும் பருப்பு வேகவில்லை.

மாமனார் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி தாமதம் என்று அவர் ஒலிபெருக்கியில் சொன்னால், சண்டை போட வந்தவர்கூடப் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்துவிடுவாராம். இப்படி யார் சொன்னார்கள் என்று கேட்டால், அவரேதான். பற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றதும் அவள்தான் அவரைச் சம்மதிக்க வைத்துத் தன் கிளினிக்குக்கே அழைத்துப்போனாள். அச்சு மாவைத் தன் கையாலேயே கலந்தாள். புதுப் பல் செட்டோடு ராஜா மாதிரி வீடு திரும்பியவர், இரண்டு மூன்று நாளிலேயே அதைக் கழற்றித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டார்.

"வாய்க்குள்ள யாரோ குடிவந்த மாதிரி இருக்கும்மா" என்றார்.

பல் இல்லாததால் மூன்று வேளையும் ஓட்ஸ் கஞ்சி. அதுகூடப் பரவாயில்லை. பேச்சு குழறியதால் பேசுவதையே குறைத்துக்கொண்டார். பழைய சிநேகிதர்கள் போனில் கூப்பிட்டால் தூங்குவதாகச் சொல்லச் சொன்னார். அந்தக் கணீர்க் குரல் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. எலக்ட்ரீஷியனான கணவனிடம், "உங்கப்பாவுக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாதுங்க" என்று பொருமித் தீர்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்த மாமனார், அதை மெல்ல அவள் பக்கம் தள்ளினார். "இன்னைக்கு ஒருநாள் இத நீ குடிச்சுப் பாரு." குடித்துப் பார்த்தாள். அவர் பக்கம் நியாயம் இருந்தது.

அலமாரியில் ஓட்ஸ் பாக்கெட்டுகள் மிச்சம் கிடந்தன. கல்யாணத்துக்கு அன்பளிப்பாக வந்த ஓவன் பரண்மேல் இருந்தது. கணவன் அதற்குள் வயர்ச் சுருள்களைத் திணித்து வைத்திருந்தான். அவள் கேட்டதும் அவற்றையெல்லாம் வெளியே கொட்டிவிட்டுத் துடைத்து, பிளக்கை மாற்றிக் கொடுத்தான். மென்று தின்னத் தூண்டுகிற மாதிரி ஏதாவது செய்து கொடுத்தால், மனுஷன் தானாகப் பல்லை மாட்டிக்கொள்வார் என்பது அவள் கணக்கு.

முதல் தடவை ஓட்ஸ், கோதுமை மாவு, சர்க்கரை, வெண்ணெய் எல்லாவற்றையும் கைக்கு வந்தபடி பிசைந்து தட்டிப் போட்டாள். பிஸ்கட் ஓடு மாதிரி வந்தது. கணவன் ஒன்றை டீயில் முக்கி வெகுநேரம் பிடித்திருந்தான். டீதான் ஆறியது, பிஸ்கட் நனையவில்லை. "கிளினிக்குக்கு ஆள் பிடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு, மண்டையில் அடி விழுமுன் வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

அடுத்த வாரம் பழுத்த வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்தாள். வாசனை தெரு முனைவரை போயிற்று. மாமனார் வந்து உட்கார்ந்து ஒன்றுக்கு மூன்றாகச் சாப்பிட்டார். ஈறாலேயே. அது அவ்வளவு மெத்தென்று இருந்தது. தட்டைத் துடைத்துவிட்டு, "இதுக்குப் பல்லு எதுக்கு?" என்று எழுந்து போனார். நல்ல பிஸ்கட் செய்து தோற்றவள் உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மூன்றாவது முறை எள் தூவினாள். அதுதான் பெரிய சொதப்பல். அன்றைக்கென்று அவர் மனமிரங்கிப் பல்லை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். எள் செட்டுக்கு அடியில் புகுந்துகொண்டு குத்திய குத்தில் கண் கலங்கிவிட்டது. பல் கிளினிக்கில் வேலை பார்ப்பவளுக்கு இது தெரிய வேண்டாமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. நாள் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். அவளும் தன் தலையிலேயே கொட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நிதானமாக யோசித்தாள். பாதி ஓட்ஸை வெண்ணெயில் வாசம் வரும்வரை வறுத்துப் பொடித்தாள். மீதியை அப்படியே விட்டாள். சர்க்கரையைக் குறைத்துத் தேன் விட்டாள். ஓரம் மெல்லிசாக, நடுவில் கொஞ்சம் கனமாகத் தட்டி, விளிம்பு சிவந்ததும் வெளியே எடுத்து ஆறவிட்டாள். ஓரம் நொறுங்கியது, நடுப்பகுதி இளகிக் கொடுத்தது. மேஜைமேல் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மாமனார் வந்தார். ஒன்றை எடுத்து ஈறால் கடித்துப் பார்த்தார். ஓரம் உரசியது. கீழே வைக்க மனசும் வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது கன்னம் எடுப்பாக இருந்தது. கடக் என்று ஒரு சத்தம். துணிக்குவியலுக்குப் பின்னாலிருந்து பல்லக்கா எட்டிப் பார்த்தாள்.

ஆனால் அவள் கண்ணுக்கு இன்னொன்றும் பட்டது. அவர் பிஸ்கட்டை வாயின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோய்த்தான் கடித்தார். மென்றதும் அந்தப் பக்கமாகவே. வலது கன்னம் அசையவே இல்லை. கிளினிக்கில் எத்தனையோ பேர் இப்படி மெல்வதைப் பார்த்திருக்கிறாள். மடித்த துணியைக் கீழே போட்டுவிட்டு வந்து, கணவனின் பையிலிருந்து டார்ச்சை எடுத்தாள்.

"மாமா, செட்டைக் கழட்டிட்டு வாயைத் திறங்க."

"ஒண்ணுமில்லம்மா."

"திறங்க மாமா."

வலப்பக்கக் கீழ் ஈறில் குன்றிமணி அளவுக்குச் சிவந்து புண்ணாகியிருந்தது. இவ்வளவு நாளும் பிடிவாதம் என்று அவள் சொல்லித் திரிந்தது இதைத்தான்.

"வலிக்குதுன்னு ஏன் மாமா சொல்லல?"

அவர் கையிலிருந்த பாதி பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ வேல பாக்கற இடம். உங்க டாக்டரம்மா செஞ்சு குடுத்தது. நான் போய்க் குறை சொன்னா, நாளைக்கு உன்னை ஒரு மாதிரி பாக்க மாட்டாங்களா? அதான், யாரும் இல்லாதப்ப அப்பப்ப மாட்டிப் பாத்துட்டு, வலிய எனக்குள்ளயே வெச்சுக்கிட்டேன்."

அவள் டார்ச்சை அணைத்தாள். அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டை இன்னொரு முறை கழுவினாள்.

மறுநாள் அவரைக் கையோடு கிளினிக்குக்கு அழைத்துப்போனாள். டாக்டரம்மா செட்டில் உறுத்திய இடத்தைக் கண்டுபிடித்து லேசாகத் தேய்த்து, மெருகேற்றிக் கொடுத்தார். காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. "குறை சொல்ல வந்தாத்தானே சார் எங்களால சரி பண்ண முடியும்? புது செட்டுன்னா ரெண்டு தடவையாவது தேய்க்க வேண்டியிருக்கும். அடுத்த வாரமும் வாங்க" என்றார். பிறகு பல்லக்கா கொண்டுபோன டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட்டைத் தின்றார். இன்னொன்றும் தின்றார். இனிப்பு பல்லுக்கு ஆகாது என்று சொன்னபடியே மூன்றாவதையும் எடுத்துக்கொண்டார்.

ஈறு ஆறியதும் மாமனார் பேச்சுப் பயிற்சியில் இறங்கினார். செய்தித்தாளை உரக்க வாசித்தார். முதலில் 'பஸ்' என்றாலே விசில் அடித்தது. கணவன் சிரிப்பை அடக்க முடியாமல் வராந்தாவுக்கு ஓடுவான். கொஞ்சம் கொஞ்சமாக விசில் அடங்கியது, பழைய குரல் மேலே வந்தது. சிநேகிதர்களுக்கு அவரே வரிசையாகப் போன் போட்டார். இப்போது அவர்கள்தான் தூங்குவதாகச் சொல்கிறார்கள் என்று கணவன் கேலி செய்தான்.

பல்லக்காவுக்கும் ஓவனை விட மனசில்லை. ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டாள், கோகோ கலந்தாள், ஆப்பிளைச் சீவிச் சேர்த்துப் பார்த்தாள். சில சமயம் அருமையாக வந்தது, சில சமயம் காக்காய்க்குப் போனது. மாமனார் மென்று முடித்துத் தீர்ப்பு சொல்வார். ஆனால் எல்லாத் தீர்ப்பும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: இனிப்பு சலித்துவிட்டது, மிளகு போட்டு ஒன்று செய்யேன். பிஸ்கட்டில் யாராவது மிளகு போடுவார்களா என்று அவள் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தாள்.

ஒரு விடுமுறை நாளில் அவள் கடைக்குப் போய்த் திரும்பியபோது அடுப்படி அல்லோலகல்லோலப்பட்டுக் கிடந்தது. மாமனார் மூக்குக்கண்ணாடியெல்லாம் மாவாக, தானே மிளகை இடித்து, தானே தட்டி, தானே சுட்டு முடித்திருந்தார். கணவன் ஒன்றைக் கடித்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தேடி ஓடினான். பல்லக்கா ஒரு துணுக்கை நாக்கில் வைத்ததுதான் தாமதம், காது வரைக்கும் எரிந்தது.

"எப்படிம்மா இருக்கு?"

"நீங்களே சொல்லுங்க மாமா."

அவர் வாய் நிறைய மென்றார், இரண்டு பக்கமும். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "காரம் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டு இன்னொன்றை எடுத்தார்.