கொபேலோ அறுக்காத சேவல்

ஷொமாரி போகாத எழவு எழவே இல்லை என்று உலுகுரு மலைச்சரிவில் ஒரு பேச்சு உண்டு. ஓடைக்கு இந்தப் பக்கம் அவன் குலம், அந்தப் பக்கம் அவன் கூட்டாளி கொபேலோவின் குலம். இரண்டுக்கும் பாட்டன் பூட்டன் காலத்துக் கேலி உறவு. அக்கரையில் யாராவது செத்தால் குழி வெட்டுவதும், அழுகிறவர்களைக் கண்டபடி திட்டிச் சிரிக்க வைப்பதும் இக்கரைக்காரர்களின் கடமை. என்ன திட்டினாலும் கோபம் வரக் கூடாது. வந்துவிட்டால், கோபித்தவன் ஒரு சேவல் அபராதம் தர வேண்டும்.

திட்டுவதில் ஷொமாரியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாயைத் திறப்பதற்கு முன் அவனுடைய இடது புருவம் மட்டும் மேலே ஏறும். அது ஏறியதுமே பாதிப் பேர் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். சிகுதானி அந்தப் புருவத்தைப் பார்த்துத்தான் அவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். வாழைத்தார் சுமந்து சந்தைக்கு இறங்குகிறவனிடம் அவள் வேறு எதைப் பார்த்து மயங்கியிருக்க முடியும்?

ஒரு எழவில், வெட்டி முடித்த குழிக்குள் வழக்கம்போல் இறங்கிப் படுத்துக்கொண்டான். "சுகமா குளுகுளுன்னு இருக்கு. நான் எழுந்திருக்க மாட்டேன். பொணத்துக்கு வேற எடம் பாருங்க" என்று அடம்பிடித்தான். அடுத்த நிமிடம் கைகால் வெட்டி இழுத்தது. கூட்டம் கைதட்டிச் சிரித்தது. "பார்றா, என்னமா நடிக்கிறான்!" வாயோரத்து நுரையைக் கண்டவள் சிகுதானி மட்டும்தான். அவள் அலறிக்கொண்டு குழிக்குள் குதித்த பிறகுதான் சிரிப்பு அடங்கியது.

அதற்குப் பிறகு வலிப்பு அடிக்கடி வந்தது. ஒருமுறை அடுப்பில் விழுந்து முழங்கை வெந்தது. அடிவாரத்து மருந்தகத்தில் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். தினமும் ஒன்று, படுக்கும் முன். வலிப்பு நின்றது. ஆனால் வலிப்போடு சேர்ந்து ஷொமாரியும் போய்விட்டான்.

காலையில் எழுப்பினால் எரிந்து விழுந்தான். களியில் கட்டி இருந்ததென்று தட்டைச் சுவரில் அடித்தான். பாட்டுப் பாடியதற்காக மகள் சவுமுவின் கன்னத்தில் அறைந்தான். அறைந்துவிட்டு, தன் கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அவனுக்குக் கோபம் வந்திருக்கிறது என்று ஊரில் ஒருவரும் நம்பவில்லை. வழியில் நிறுத்திக் கத்தினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்க அவனுக்கு வெறி ஏறியது.

மருந்தகத்தில் நர்ஸம்மா மாதாமாதம் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"வலிப்பு வந்துச்சா?"

"இல்லீங்க."

"அப்ப மருந்து நல்லா கேக்குது. அடுத்தது யாரு?"

சிகுதானிக்கு அந்த மாத்திரைகளை ஓடையில் கொட்டிவிடலாமா என்று இருக்கும். குழிக்குள் நீலம் பாரித்துக் கிடந்த முகம் நினைவுக்கு வரும். டப்பாவை மறுபடி பரணில் வைத்துவிடுவாள். உயிரோடு பக்கத்தில் படுத்திருப்பவனுக்காக ஏங்குகிற ஏக்கம் எந்தப் பெண்ணுக்கும் வரக் கூடாது. அவனிடம் ஒரு நல்ல திட்டு வாங்க வேண்டும்போல் அவளுக்கு இருந்தது. "உன் களியை எடுத்துக் குடுடி, வீட்டுச் சுவத்துக்குப் பூசணும்" என்று புருவத்தை ஏற்றிக்கொண்டு ஒருமுறை சொல்ல மாட்டானா?

கொபேலோவின் அக்கா செத்தாள். ஷொமாரி போனான், போகாமல் இருக்க முடியாது. குழிமேட்டில் நின்ற கொபேலோவைப் பார்த்ததும் வெடித்தான்.

"அக்காவுக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்தினியாடா நீ? நீதான்டா அவளைக் கொன்னே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கொபேலோ சிரிக்கவில்லை. கிட்டே வந்து ஷொமாரியின் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"நிறுத்துங்கடா எல்லாரும். இவன் புருவம் ஏறல." பிறகு மெதுவாகச் சொன்னான்: "கோவப்பட்டவன்தான சேவல் தரணும்? நான் கோவப்படல மச்சான். நீதான் தரணும்."

கேலிக்காரனிடமே அபராதம் கேட்டதை அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து ஷொமாரி குப்புறப் படுத்துக்கொண்டான். "வார்த்தை வருது சவுமு அம்மா. சிரிப்புதான் வரல. என்னைக்கு நான் இப்படிக் கெட்டவனானேன்னு எனக்கே தெரியல" என்று அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

அடுத்த முறை மருந்தகத்துக்குக் கொபேலோவும் கூடவே வந்தான். சிகுதானி கேள்விக்குக் காத்திருக்கவில்லை. "வலிப்பு இல்லீங்க. எம் புருசனும் இல்லீங்க" என்றாள். மீதியைக் கொபேலோ சொன்னான்.

"இத்தன நாளா ஏம்மா சொல்லல?"

"நீங்க வலிப்பத்தானே கேட்டீங்க?"

நர்ஸம்மாவுக்குச் சுருக்கென்றது. "இந்த மாத்திரை சில பேருக்கு இப்படித்தான் கோவத்தைக் கெளப்பிவிடும். மனுசன் கெட்டுப்போயிட்டான்னு அர்த்தமில்ல. ஆனா நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க. வலிப்பு மோசமா வந்து உசுருக்கே ஆபத்தாயிடும். கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு வேற மருந்துக்கு மாத்தணும். மொரோகோரோ பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்."

ஊர் திரும்பியதும் ஷொமாரி சிகுதானியோடு ஓடையைத் தாண்டிப் போய், அபராதச் சேவலைக் கொபேலோவிடம் கொடுத்தான். கொபேலோ அதைத் தூக்கிப் பார்த்து, "என்ன மச்சான், எலும்புக்குச் சட்டை போட்டுக் கொண்டாந்திருக்கே!" என்றான். ஷொமாரி மனைவியின் பக்கம் குனிந்து, "இப்ப நான் சிரிக்கணுமா?" என்று கேட்டான்.

கொபேலோ கத்தியைத் தேடவில்லை. சேவலின் காலில் கயிற்றைக் கட்டினான். "நீ என்னைச் சிரிச்சுக்கிட்டே திட்டுற அன்னைக்கு இதை அறுப்போம். அதுவரைக்கும் என் தீனிதான் தின்னும்."

மருந்தை மாற்றி மழைக்காலமும் போய்விட்டது. சவுமு மறுபடி மெல்லப் பாடுகிறாள், அப்பா தட்டை எறிவதில்லை. சிரிப்பு மட்டும் இன்னும் வரவில்லை. விடிவதற்கு முன் அக்கரையிலிருந்து சேவல் கூவும்போதெல்லாம் சிகுதானி விழித்துக்கொள்வாள்.

இன்றும் கூவியது. பக்கத்தில் ஷொமாரி புரண்டு படுத்தான்.

"கொபேலோ மாதிரியே கத்துது சனியன்" என்றான்.

அவள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். எரிச்சலா, கேலியா? குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. இருட்டில் புருவமும் தெரியவில்லை. கேட்டுவிடலாம்தான், கேட்கப் பயமாக இருந்தது. அவன் முகத்துக்கு நேரே கண்ணை வைத்துக்கொண்டு, விடியட்டும் என்று காத்திருந்தாள்.