வெள்ளச்சியின் கழுத்துப்பட்டை

மதினி செய்த அந்தக் கழுத்துப்பட்டை பார்க்கச் சகிக்காது. பழைய பையிலிருந்து அறுத்த வார், அதில் ரப்பர் குழாய்க்குள் அடைத்த செல்போன் வைப்ரேட்டர், பக்கத்தில் கட்டைவிரல் தடிமனுக்கு, பேட்டரிக்குப் பதிலாகக் கரண்டைச் சேர்த்துவைக்கும் ஒரு சூப்பர் கெப்பாசிட்டர். எங்கள் ராஜபாளையத்து வெள்ளை நாய்களில் சில பிறவிச் செவிடு. அண்ணன் வீட்டு வெள்ளச்சியும் அப்படித்தான். தோப்பைத் தாண்டினால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் போகிற ரோடு. “ஒரு தடவ ரோட்டுப் பக்கம் போனாலும் கூமாப்பட்டியில யாருக்காவது கொடுத்துருவேன்” என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். சங்கிலியில் கட்டிப்போட மதினிக்கு மனசு வரவில்லை.

பட்டை அவ்வப்போது தானாக அதிரும். அதிர்ந்தால் வெள்ளச்சி வீட்டைத் திரும்பிப் பார்க்கும். மதினி கையசைத்தால் ஓடிவரும். பேட்டரி போட்டால் நாள் முழுக்க நிற்குமே என்று கேட்டேன். முதலில் அதைத்தான் போட்டாராம். நாய் கடித்து, புகைந்து, நல்லவேளை வாய் தப்பியதாம். கெப்பாசிட்டரில், நாம் காபி குடித்து முடிப்பதற்குள் சார்ஜ் ஏறிவிடும். ஆனால் சாயங்காலத்துக்குள் இறங்கியும் விடும். இறங்க இறங்க அதிர்வும் சோர்ந்துபோகும். அதுதான் மதினியை உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசிவரை ஒரே சீராக அதிரும்படி ஒரு குட்டி சர்க்யூட் போர்டை நடுவில் சேர்த்தார். எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

அன்று சாயங்காலம் வெள்ளச்சி வரவில்லை. மூன்று பேரும் தோப்பெல்லாம் தேடினோம். பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ரோட்டை ஒட்டிய வேலியோரம் அது சும்மா உட்கார்ந்திருந்தது. பட்டையில் அசைவே இல்லை.

மதினி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். இத்தனை நாளும் சாயங்காலம் அது தானாக வந்து நின்றதைப் பசி என்று நினைத்திருந்தோம். “சார்ஜ் எறங்குறது அதுக்குத் தெரிஞ்சிருக்கு தம்பி. தெரிஞ்சுதான் வீடு திரும்பியிருக்கு. நாந்தான் அதத் தெரியவிடாமப் பண்ணிட்டேன்” என்றார்.

இன்று என் கையிலிருக்கும் சாமான்கள் எல்லாம் சார்ஜை எண்ணில் காட்டுகின்றன. ஒரு நாய் அதைத் தோலிலேயே அளந்தது என்பதில் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

அன்று அண்ணன் வெள்ளச்சியின் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தார். கூமாப்பட்டிதான் என்று மதினி முடிவே கட்டிவிட்டார். ஆனாலும் அந்தப் போர்டைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் படுத்தார். காலையில் எழுந்து பார்த்தால், அண்ணன் பட்டையைச் சார்ஜ் ஏற்றி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, அதிர்வு எப்போது குறைகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார்.