இடப்பக்கத்து நாற்பது செடிகள்

1. இலையைத் தடவித் தெரிந்தெடுத்தது

1986ஆம் ஆண்டு மே மாதம், ஜெர்மனியின் வெஸ்ற்ஃபாலன் பகுதியில் ஒரு சிறிய நகரத்தின் நகரசபைத் தோட்டத்தில் எனக்கு முதல் நாள். அகதி விண்ணப்பம் போட்டவர்கள் அப்போது சம்பள வேலைக்குப் போக முடியாது. நகரசபைக்குப் பொதுவேலை மட்டும் செய்யலாம். அதற்கும் தோட்டத்து மைஸ்ரர், அதாவது தலைமைத் தோட்டக்காரர், மாதம் ஒருமுறை ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் திரும்பவும் அகதிகள் விடுதிக்குள் அடைபட வேண்டியதுதான். நான்கு பெண்கள் படுக்கும் அறையில் யன்னலைப் பார்த்தபடி ஏழு மாதம் இருந்தவள் நான். அந்தக் கையெழுத்துக்காக எதையும் செய்வேன் என்ற நிலை.

மைஸ்ரர் குறூகர் நெடுத்த மனிதர். கோபம் மூக்கு நுனியில். எனக்கு ஜெர்மன் தெரியாது. எனக்கு மூன்று வருடம் முன்னரே வந்திருந்த பரமேஸ் அண்ணையும் அதே தோட்டத்தில் வேலை செய்தார். மைஸ்ரர் பத்து வசனம் திட்டினால் அதை இரண்டு வசனமாகச் சுருக்கிச் சொல்லுகிற நல்ல மனம் அவருக்கு.

புதிதாகக் கட்டிய முதியோர் இல்லம் ஒக்ரோபர் முதல் கிழமையில் திறப்பதாக இருந்தது. வாசலுக்குப் போகும் பாதையின் இரு பக்கமும் பூப்பாத்தி போட வேண்டும். ஒருமுறை நட்டால் ஆண்டுதோறும் தானே முளைத்துப் பூக்கும் செடிகளாக இருக்க வேண்டும், திறப்பு நாளில் பூத்து நிற்க வேண்டும், இதுதான் கட்டளை. மைஸ்ரர் எங்களை நாற்றுப் பாத்திகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போய், ஆளுக்கொரு செடி சொல்லுங்கள் என்றார். புதிதாக வந்தவர்களின் கண்ணைச் சோதிப்பது அவர் வழக்கமாம்.

மே மாதத்தில் இலையுதிர்காலப் பூ எங்கே இருக்கும்? எல்லாம் வெறும் இலை. மற்றவர்கள் சாடியில் செருகியிருந்த படத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள். ஒருவர் காட்டியது ஓகஸ்ற்றிலேயே பூத்து முடிகிற செடி. இன்னொருவர் காட்டியது நிழல் தேடுகிற அனிமோன். எங்கள் பாதையிலோ நாள் முழுக்க வெயில். மைஸ்ரர் இரண்டையும் தள்ளிவிட்டார். நான் படத்தைப் பார்க்கவில்லை, இலைகளைத் தடவிக்கொண்டு போனேன். ஒன்றில் கை நின்றது. தடித்த தண்டு, சொரசொரப்பான இலை, விரலில் ஒட்டும் சுணை. யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டத்தில் பத்து வருடம் வளைந்த முதுகு எனக்கு. இந்தச் செடி வெயிலுக்கும் காற்றுக்கும் அசையாது என்று கை சொன்னது.

அது அஸ்ரர். ஊதாப் பூ, செப்ரெம்பர் நடுவில் தொடங்கிப் பூக்கும் என்றார் மைஸ்ரர். என்னைப் பார்த்து ஒருமுறை தலையாட்டினார். பாதையின் இடப்பக்கம் நாற்பது, வலப்பக்கம் நாற்பது நட்டோம். அன்று இரவு விடுதியில் என் வாய் ஓயவில்லை.

2. கை செய்த வேலை

ஜூன் தொடக்கத்தில் களை பிடுங்கத் தனியாக அனுப்பினார்கள். செடிகள் முழங்காலுக்கு மேலே செழித்து நின்றன. என் கைக்கு அந்த உயரமும் அந்தச் சுணையும் ஒன்றையே நினைவூட்டின. யோசிக்கவேயில்லை. இடப்பக்கத்து நாற்பது செடிகளின் தண்டுகளிலும் தலைக்குருத்தை விரலால் முறித்துப் போட்டுக்கொண்டே போனேன். வலப்பக்கம் தொடங்கவிருந்தபோது சாப்பாட்டு நேரம் வந்தது, மைஸ்ரரும் வந்தார், கூடவே பரமேஸ் அண்ணையும்.

அவர் முகம் சிவந்ததைப் பார்த்து நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். வெகுநேரம் சத்தம் போட்டார். பரமேஸ் அண்ணை குனிந்து ஒரு குருத்தை எடுத்துப் பார்த்தார்.

"பிள்ளை, புகையிலைக்கு ஏன் தலை முறிக்கிறனாங்கள்?" என்று மெல்லக் கேட்டார்.

"இலை தடிக்க."

"பூ வராமலிருக்க. இது பூவுக்கு நட்ட கண்டு."

தடவித் தடவித் தெரிந்தெடுத்த பூச்செடிக்கு நானே பூ வராமல் பண்ணிவிட்டேனே. நாளை முதல் வர வேண்டாம் என்று மைஸ்ரர் சொல்கிறார் என்றார் அண்ணை. நனைந்தவளுக்குக் கூதல் என்ன என்று எனக்கும் வாய் திறந்துவிட்டது.

"தலை போனால் பக்கக்குருத்து வெடிக்கும் அண்ணை. புகையிலையில அதையும் முறிக்கிறனாங்கள். இதில விடுவம். ஒரு தலை போன இடத்தில நாலு தலை வரும், நாலும் பூக்கும். இவருக்கு அதைச் சொல்லுங்கோ."

அண்ணை இதை மட்டும் சுருக்காமல் சொன்னார் போலும். மைஸ்ரர் உட்கார்ந்து ஒரு தண்டை விரித்துப் பார்த்தார். இலையடியில் பச்சை நுனிகள் ஊசிமுனை அளவில் இருந்தன. அப்படி வந்தாலும் பூ பிந்தும், பனி முந்திக்கொள்ளும் என்றார். பிறகு, திறப்பு நாள் வரைக்கும் கையெழுத்து வைப்பேன், இடப்பக்கம் பூக்காவிட்டால் அன்றோடு சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

3. பனிமூட்டம்

செப்ரெம்பர் நடுவில் வலப்பக்கம் என் தோள் உயரத்தில் ஊதாவாகப் பூத்துக் குலுங்கியது. இடப்பக்கம் இடுப்பளவில், வெறும் மொட்டு. வேலைக்காரர்கள் அந்தப் பக்கத்துக்கு என் பெயரை வைத்துச் சிரித்தார்கள். நான் அவர்களுக்கும் சேர்த்துக் களை பிடுங்கினேன், வேறு என்ன செய்ய?

பத்து நாளில் காற்றோடு மழை வந்தது. வலப்பக்கம் பாதைக்குக் குறுக்கே சாய்ந்தது. தடி ஊன்றிக் கட்டினோம், ஆனால் பூவெல்லாம் சேறு, மிச்சம் பழுப்பு. இடப்பக்கம் ஒரு செடிகூடச் சாயவில்லை. மாதக் கடைசியில் ஒரு காலை புல்லில் வெள்ளைப்பனி. ஓடிப்போய் மொட்டுகளை நுள்ளிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தன. திறப்புக்கு இரண்டு நாள் முன்னர் மத்தியான வெயிலில் விரியத் தொடங்கின.

திறப்பு நாள் காலை எட்டு மணிக்கு ஊரே பனிமூட்டம். இந்தப் பூவுக்கு ஒரு குணம் உண்டு, வெயில் இல்லையென்றால் இதழைச் சுருட்டிக்கொள்ளும். இடப்பக்கம் முழுதும் சுருட்டிக்கொண்டு நின்றது. பதினொரு மணிக்கு நகரபிதா வருகிறார். இல்லத்து நிர்வாகி வந்து மைஸ்ரரிடம் ஏதோ கேட்க, அவர் மேலே வானத்தைக் காட்டினார். எனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன்.

பத்தரைக்கு மூட்டம் கலைந்தது. வெயில் விழ விழ, வாசல் பக்கமிருந்து பாதை முனை வரைக்கும் பூக்கள் விரிந்துகொண்டு வந்தன. ஊதாவும் நடுவே மஞ்சளும், இலை தெரியாத அளவுக்கு. நகரபிதா நின்றுவிட்டார். படம் பிடிக்க வந்தவர் எல்லோரையும் இடப்பக்கத்தில்தான் நிறுத்தினார். நான் அழுதேன், மறைக்கவில்லை.

மைஸ்ரர் கூட்டத்துக்கு நடுவே என்னிடம் வந்து கை கொடுத்தார். பரமேஸ் அண்ணை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

அடுத்த ஜூனில் அவர் எல்லோரையும் அந்தப் பாதைக்குக் கூட்டி வந்து, பாதிச் செடிக்குத் தலை முறியுங்கள், பாதியை விடுங்கள் என்றார். எப்படி என்று காட்டச் சொன்னது என்னை. உயரமாக விட்டதற்கு மழைக்கு முன்னரே தடி ஊன்றினோம். பூக்காலம் ஒரு மாதம் நீண்டது. எனக்கு வேலை அனுமதி கேட்டு அவரே விண்ணப்பமும் நிரப்பினார். அது கிடைக்க இன்னும் இரண்டு வருடம் போனது. ஆனால் தொழில் என்ற கட்டத்தில் அவர் கேட்காமலே எழுதியிருந்தார்: தோட்டக்காரி.

இன்று இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். இலையுதிர்காலச் செடியை மே மாதத்தில் படத்தைப் பார்த்து எடுக்காதீர்கள், தண்டையும் இலையையும் தொட்டு எடுங்கள். எந்த மாதம் பூக்கும், வெயில் கேட்குமா நிழல் கேட்குமா என்று பிறகு கேளுங்கள். புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க ஆசை வந்தால் பாதியில் மட்டும் செய்யுங்கள். நான் பாதியோடு நின்றது புத்தியால் அல்ல, பசியால்தான். ஆனால் நாற்பது செடிகள் சேற்றில் கிடந்தபோது மற்ற நாற்பதும் நிமிர்ந்து நின்று எனக்காகச் சாட்சி சொன்னன.