யானைப் பாதையில் நின்றுபோன கார்

காரின் பற்றரிக்கு மின்சாரம் ஏற்றும் ஒல்டனேட்டர் பழுதாகி, காலையில்தான் அம்பாறையில் வேறொன்று மாற்றியிருந்தேன். கடைக்காரர் புதிது என்று சொன்னதை நம்பினேன். அதனால் மாலையில் கல்முனைக்குத் திரும்பும்போது பற்றரியின் சிவப்பு விளக்கு எரிந்ததும், விளக்கில்தான் கோளாறு என்று நினைத்தேன்.

"ஓரமா நிப்பாட்டிப் பாப்பமே," என்றாள் மனைவி. பிள்ளை அவள் மடியில் தூங்கியது.

"நோன்பு திறக்கிற நேரமாகுது. வீட்ட போய்ப் பாப்பம்."

வயல்வெளிக்கு நடுவே முன்விளக்குகள் மங்கின; கார் நின்றது. கதிர் முற்றினால் யானை இறங்கும் இடம் அது. ரமழானில், நோன்பு திறக்கும் மஃரிபு நேரத்தில் அந்தப் பாதையில் ஒருவரும் வரமாட்டார்கள். மச்சானுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் கதவுகளைப் பூட்டினேன். இருட்டுக்குள் மரக்கிளை முறியும் சத்தம் கேட்டது. மனைவி கலிமாச் சொல்லத் தொடங்கினாள்.

அப்போது ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். இடுப்பில் சாரன், நெற்றியில் திருநீறு, கையில் டோர்ச்.

"கதவத் துறங்க தம்பி. யானை கிட்டத்தான் நிக்கிது. எங்கட வயல் காவல் வாடிக் குடிசைக்குப் போவம்."

முன்பின் தெரியாத ஆள். யானையைவிட அவருக்குத்தான் நான் பயந்தேன். தலையை ஆட்டி மறுத்தேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை; போகவும் இல்லை. மச்சானின் வேன் வரும்வரை, நான் பூட்டிய கதவுக்கு வெளியே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சத்தம் வந்த பக்கம் டோர்ச் அடித்தபடி நின்றார்.

பழுதான ஒல்டனேட்டரை விற்றவரை ஒரு சொல்லில் நம்பிய நான், இவரை நம்பவில்லை.