கழுத்து வளையுதா?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டும் விஜயகுமாரிக்குக் குரல் கொஞ்சம் ஜாஸ்தி. நாற்பது மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியவள். வீட்டிலும் அதே சத்தம்தான். "மெதுவா பேசேன், அடுத்த தெருவுலருந்து பதில் சொல்றாங்க" என்பான் புருஷன் ஹேமந்த்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு காலையில் அந்தக் குரலே அடைத்துப்போனது. மகள் பூங்குழலிக்கு அப்போது மூன்று வயது. இரண்டு நாளாகக் காய்ச்சல். கொடுத்த மருந்தெல்லாம் வாந்தியாக வந்தது. ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் பட்டு வீறிட்டாள். சட்டை மாட்ட விஜயகுமாரி அவள் தலையைக் குனியவைத்தாள். கழுத்து வளையவில்லை, கட்டை மாதிரி நின்றது. உடனே ஆட்டோவைப் பிடித்துவிட்டாள்.

மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் கிருமி தொற்றியிருக்கலாம் என்றார் வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர். முதல் மருந்தை ஏற்றிவிட்டு, முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்க்கக் கையெழுத்துக் கேட்டார்கள். ஹேமந்த் பின்வாங்கினான்.

"முதுகுல ஊசி போட்டா காலு போய்டும்னு சொல்றாங்களே, சிஸ்டர்!"

"போகாதுண்ணா" என்றாள் நர்ஸ் கெசியா. "தண்டுவடம் முடியற எடத்துக்குக் கீழதான் குத்துவோம். இன்னா கிருமின்னு தெரிஞ்சாதானே சரியான மருந்து தர முடியும்?"

விஜயகுமாரி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

தடுப்பூசி அட்டையைப் பார்த்த கெசியா ஒரு தவணை விடுபட்டிருப்பதைக் காட்டினாள். கம்பெனியில் ஏற்றுமதி அவசரம், லீவு கிடைக்காத வாரம் அது. அதைப் போட்டிருந்தால் இது வந்தேயிருக்காது என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் விஜயகுமாரிக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

ஐந்தாம் நாள் பூங்குழலி கண்ணைத் திறந்து, "தோசை வேணும். முறுகலா" என்றாள். வார்டே சிரித்தது.

பதினான்கு நாள் மருந்து முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் காதைச் சோதித்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்திருந்தது. விஜயகுமாரி அன்றைக்கு மட்டும் அழுது தீர்த்தாள். சில வாரங்களில் காதுக்கு மெஷின் வந்தது. அதை மாட்டியதும் பூங்குழலி திரும்பிப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, ஏன் கத்துற?"

இப்போது பூங்குழலி ஒன்றாம் வகுப்பு. அம்மா திட்ட ஆரம்பித்தால் காது மெஷினை அணைத்துவிட்டுப் படம் வரைவாள்.

விஜயகுமாரியோ, தடுப்பூசி நாள் வந்தால் கைக்குழந்தைக்காரிகளுக்கு அரை நாள் லீவு கேட்டு சூப்பர்வைசர் வக்கார் அகமதுவின் முன்னால் போய் நிற்பாள். "நீ வந்தாலே பேஜார்மா" என்பார், கொடுத்தும் விடுவார்.

போன வாரம் பக்கத்து மெஷின் முனியம்மா, குழந்தைக்குக் காய்ச்சல், வாந்தி என்றாள். "கழுத்து வளையுதா?" என்று கேட்ட விஜயகுமாரி, பதிலுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குத் துரத்தினாள். வெறும் தொண்டைப் புண்தானாம்.

"சும்மா பயமுறுத்திட்டியே!" என்று மறுநாள் சண்டைக்கு வந்தாள் முனியம்மா.

"சும்மாவே இருக்கட்டும்டி" என்று சிரித்தபடி அவளை டீ குடிக்க இழுத்துக்கொண்டு போனாள் விஜயகுமாரி.